பாஸ் வரிசையில் ஒரு கொண்டை

சுசீலாபாய் ஒரு பெண். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தொலைபேசி வழியாக மட்டுமே அவரை அறிந்தவர்கள் திருவனந்தபுரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட இதை நம்பப் போவதில்லை.

பழவங்காடிக்குப் பக்கத்தில், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்கும் தூரத்தில், ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் அவருக்கு வேலை. மணி அடித்தால் எடுத்து, "லாட்ஜ்" என்பார். அந்த ஒற்றைச் சொல் கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வருவதுபோல வரும். மறுமுனையில் இருப்பவர் தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, "சாரே, டபுள் ரூம் உண்டோ?" என்று பணிவாகக் கேட்பார். சுசீலாபாய் திருத்துவதில்லை. உண்டு என்றால் உண்டு என்பார், இல்லை என்றால் இல்லை என்பார். பால் வேறுபாட்டுக்கும் அறை காலியாக இருப்பதற்கும் தொடர்பில்லை என்பது அவர் கருத்து.

அறைக்குள் கூட்டமாகச் சேர்ந்து கூத்தடிக்கும் விருந்தினர்களையும் அவரே கவனித்துக்கொள்வார். கதவைத் தட்டமாட்டார். வெளியே நின்று, "அங்க என்னவாக்கும் சத்தம்?" என்று ஒருமுறை கேட்பார். உள்ளே உடனே ஜெபக்கூட்டம் போல அமைதி நிலவும். வெளியே எப்பேர்ப்பட்ட ஆள் நிற்கிறான் என்று கதவைத் திறந்து பார்க்கும் தைரியம் இதுவரை யாருக்கும் வந்ததில்லை. வரவேற்பாளர், காவலாளி என்று இரண்டு பதவிகளுக்கு ஒரே ஆள் போதும் என்பதைக் கண்டுகொண்ட லாட்ஜ் முதலாளி, இறைவனுக்கு நன்றி செலுத்துகிறாரே தவிர, சுசீலாபாயிடம் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அவர் பிறந்தது எல்லைக்கு அப்புறம், தமிழ்ப் பக்கத்தில், கருங்கல் என்ற ஊருக்கு அருகில். பிறந்தவுடன் அழுத அழுகையை வெளியே நின்று கேட்ட தகப்பனார், ஆண் குழந்தை என்று முடிவுகட்டி மிட்டாய் வாங்கக் கிளம்பிவிட்டதாகக் குடும்பத்தில் சொல்வார்கள். மருத்துவப்படி இது நம்பத்தக்கதல்ல. ஆனால் பெரியவர்களின் வாழ்க்கை வரலாறுகளில் பிறப்பின்போது இப்படி ஏதாவது நடந்தாக வேண்டும் என்ற மரபு இருப்பதால் இங்கே விடாமல் சேர்க்கப்படுகிறது.

பள்ளிக்கூடத்தில் காலைப் பாட்டுக்கு நிறுத்தியபோது டீச்சர் அவர் பக்கத்தில் வந்து காது கொடுத்துக் கேட்டார். பிறகு தலையைத் தடவி, "நீ வாய மட்டும் அசை மக்களே, சத்தம் வேண்டாம்" என்றார். அன்றிலிருந்து வாயசைத்தல் என்னும் துறையில் சுசீலாபாய்க்கு முறையான பயிற்சி தொடங்கியது.

திருமணத்தில் ஒரு சிக்கல் வந்திருக்க வேண்டும். வராமல் போனதற்குக் காரணம் இரு வீட்டாரின் நேர்மையின்மை. பெண் பார்க்க வந்த அன்று, "கேட்டதுக்குத் தலைய மட்டும் ஆட்டு" என்று பெண்ணுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். மாப்பிள்ளை ராஜையனிடமும் அவர் வீட்டில் அதையேதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஏனென்றால் டைல்ஸ் வேலை செய்கிற, நல்ல உடற்கட்டுள்ள அந்த ஆள் வாயைத் திறந்தால் கீச்சென்று ஒரு குரல், சமையலறை ஜன்னல் கம்பியில் உட்கார்ந்த சிட்டுக்குருவியின் குரல்போல வரும். இருவரும் தலையாட்டினார்கள். அடக்கமான பெண் என்றார்கள் இவர்கள். அமைதியான பையன் என்றார்கள் அவர்கள். கல்யாணம் முடிந்து போட்டோ ஸ்டுடியோவில் நிற்கும்போதுதான் ராஜையன் முதன்முதலாக, "வெயிலு கூடுதலு, இல்லியா?" என்றார். மணப்பெண், "ஆமா, கூடுதலுதான்" என்றார். புகைப்படக்காரர் யார் பேசியது என்று புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே மோசடியை இரு தரப்பும் செய்திருந்ததால் வழக்கு அங்கேயே தள்ளுபடியானது. மணமக்கள் சிரித்த சிரிப்பு அந்தப் படத்தில் இன்றும் இருக்கிறது.

அவர்கள் குடியேறிய இந்த நகரத்தில், ஞாயிறு காலை முதலில் தமிழிலும் பிறகு மலையாளத்திலும் ஆராதனை நடக்கிற ஒரு சபை உண்டு. தமிழ் ஆராதனைக்கென்று தனிப் பாடகர் குழு. அதில் உள்ள இளையவர்கள் பலர் தமிழ்க் கீர்த்தனையை மலையாள எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வருமளவுக்கு உருக்கமாகப் பாடுவார்கள். தமிழ் வாழ்கிறதா தேய்கிறதா என்று மாநாடு கூட்டுகிறவர்கள் ஒருமுறை வந்து கேட்கலாம். கேட்டுவிட்டு எந்த முடிவுக்கும் வரமுடியாமல் திரும்பிப் போகலாம்.

பீடத்துக்குப் பக்கத்தில் மரத்தாலான நான்கு படிகள். கீழே இரண்டு படிகளில் பெண்கள்: முதலாவதில் உச்சக் குரல் சோப்ரானோ, அதற்கு மேல் ஆல்டோ. மேலே இரண்டு படிகளில் ஆண்கள்: அடிக்குரலில் பாட்டுக்கு அஸ்திவாரம் போடுகிற பாஸ், எல்லோருக்கும் மேலே ஆண்களில் உயர்ந்த குரலான டெனர். பெண்களுக்கு மெரூன் கரை போட்ட வெள்ளைச் சேலை, ஆண்களுக்கு வெள்ளைச் சட்டையும் மெரூன் டையும். குழு நடத்துநர் ஆன்சன் பகலில் வங்கி ஊழியர். மாலையில் கைகளை வீசுவார்.

சுசீலாபாயை ஆல்டோவில் நிறுத்தினார்கள். பெண்களுக்கு இருப்பதிலேயே தாழ்ந்த குரல் வரிசை அதுதான். அவர் குரல் அதற்கும் கீழே போய் நின்றது. முதல் ஒத்திகையிலேயே ஆன்சன், "அக்கா, கொஞ்சம் பைய" என்றார். அடுத்த ஒத்திகையில், "இன்னும் கொஞ்சம் பைய, அக்கா." அதற்கடுத்ததில் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. பள்ளிக்கூடப் பயிற்சி கைகொடுத்தது.

ஆனால் அவருக்கு நேர் பின்னால், ஒரு படி உயரத்தில், பாஸ் வரிசை நின்றது. வாரா வாரம் அந்த ஆண்களின் குரல் அவர் பிடரியில் வந்து இறங்கியது. வாயை அசைத்துக்கொண்டே காதால் அதைக் குடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் துணி துவைக்கும்போது பாஸ் பாடுவார். ராஜையன் குளித்துக்கொண்டே உச்சக் குரலில் மெட்டைப் பிடிப்பார். பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள், அந்த வீட்டில் ஆண்தான் துணி துவைக்கிறார் என்று கேட்டுக் கேட்டுத் தங்கள் வீட்டு ஆணைத் திட்டியதாகத் தெரிகிறது.

இந்த ஆண்டு கிறிஸ்துமஸை ஒட்டி நகரத்துச் சபைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு கீர்த்தனைப் போட்டி. ஆன்சன் தேர்ந்தெடுத்தது பழைய பாட்டு ஒன்று. எழுதியவர் முறுக்கு மீசை வைத்த உபதேசியார் ஒருவர் என்று சபையில் சொல்வார்கள். மணவாளனுக்காக விளக்கோடு காத்திருக்கும் பெண்ணின் பாட்டு:

மாலை மயங்கிடுதே மணவாளரே - உம்
மங்கை நான் விளக்கேந்தி நிற்கிறேனே

மேலே மற்றவர்கள் இதைப் பாடிக்கொண்டிருக்க, அடியில் பாஸ் மட்டும் "நானே உம் மணவாட்டி, நானே உம் மணவாட்டி" என்று மணி அடிப்பதுபோல அடித்துக்கொண்டே இருக்கும். அது நின்றால் பாட்டு அந்தரத்தில் தொங்கும்.

நின்றது. பாஸ் பாடிய பெரியவர்களில் ஒருவர் மகளைப் பார்க்க ஆஸ்திரேலியா போயிருந்தார். இன்னொருவருக்குப் பல் கட்டியதிலிருந்து 'ம' தவிர எல்லா எழுத்தும் சீறலாகவே வந்ததால் ஒதுங்கிக்கொண்டார். மிஞ்சியவன் விஜின். ஆறடி உயரம், தாடி. விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் வேலை. ஒத்திகைகளின்போதும் போட்டியன்றும் அவனுக்கு ஷிப்ட். கப்பல் கீர்த்தனைக்காகக் காத்திருக்காது என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

"செரி, பாஸ் இல்லாமலே ஒருதரம் பாடிப் பாப்போம்" என்றார் ஆன்சன், ஒத்திகையில், தகப்பனை இழந்த முகத்தோடு.

பாடினார்கள். பாதியில் பாஸ் கேட்டது. தடித்த, நிறைந்த, அசையாத குரல், சரியான இடத்தில் சரியான சுருதியில். ஆன்சன் கண்ணைத் திறந்து பாஸ் படியைப் பார்த்தார். காலி. டெனர்கள் கீழே பார்த்தார்கள். சோப்ரானோக்கள் மேலே பார்த்தார்கள். ஒவ்வொருவராகப் பாட்டை நிறுத்த, கடைசியில் ஒற்றைக் குரல் மட்டும் தனியாக "நானே உம் மணவாட்டி" என்று சொல்லி முடித்தது.

"யாரது?" என்றார் ஆன்சன்.

ஆல்டோவில் பக்கத்தில் நின்ற ஷீனா, "அய்யோ, எனக்க காது அடச்சுப் போச்சு" என்று சிரித்தாள். "சுசீலா அக்காவாக்கும் அண்ணே. லாட்ஜுல ரூமு காலி பண்ணச் சொல்லுகதுபோல இருந்து."

"சும்மா இருடி" என்றார் சுசீலாபாய். ஆனால் கன்னம் சிவந்திருந்தது. இத்தனை காலத்தில் முதல் முறையாகச் சபைக் கூரைக்குக் கீழே தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று அவர் கேட்டிருந்தார். இனி அதைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக மனமில்லை.

விஷயம் கமிட்டிக்குப் போனது. செயலாளர் விஜய்குமார், பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வடையும் சாயாவும் வைத்துக் கூட்டம் கூடியது. சுசீலாபாயை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்ட ராஜையனும் கதவோரம் சாயாவோடு நின்றார்.

"சுசீலா பாடட்டும். அதுல கமிட்டிக்கு ஒரு எதிர்ப்பும் இல்ல" என்று தொடங்கினார் விஜய்குமார். இப்படித் தொடங்கும் எந்தப் பேச்சும் எதிர்ப்பில்தான் முடியும் என்பது அனுபவசாலிகளுக்குத் தெரியும். "ஆனா நிக்கது ஆல்டோ வரிசைலயே நிக்கட்டும். ஒரு மைக்க பக்கத்துல வச்சா மதி."

"சார், பாஸ் வரிசை காலியா கெடக்குமே" என்றார் ஆன்சன். "நடுவர் முன்னால வெறிச்சோடி இருக்கும்."

"அதுக்குத்தான் ராஜையன்."

எல்லோரும் கதவோரம் திரும்பினார்கள். ராஜையன் சாயா கிளாஸை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"ராஜையா, டை கெட்டத் தெரியுமா உனக்கு?"

"எனக்கா சார்? எனக்க கொரலு..."

"கொரலு ஆரு கேட்டா? ஆளு மதி. மேல நின்னு வாய அசை. சுசீலா கீழ நின்னு பாடட்டும். பாக்கவங்களுக்கு ஆம்பிளை பாடுகதுபோல இருக்கும். ஒரு குழப்பமும் இல்ல."

கமிட்டி தலையசைத்தது. உண்மையில் சிறந்த பொறியியல் தீர்வு அது. ஆண் வரிசையில் ஆண், பெண் வரிசையில் பெண், பாட்டில் பாஸ். எந்த விதியும் மீறப்படவில்லை, உண்மையைத் தவிர.

"அப்போ கொரலு எனக்க, வாயி அவருக்கா?" என்றார் சுசீலாபாய்.

"ஒரே குடும்பந்தானே!"

சுசீலாபாய் எழுந்து நின்றார். கோபம் வந்தால் அவர் குரல் இன்னும் கீழே இறங்கும். மேசை மேலிருந்த சாயா கிளாஸ்கள் லேசாக அதிர்ந்ததாக ஆன்சன் இப்போதும் சத்தியம் செய்கிறார்.

"இஞ்ச பாருங்க அண்ணே. இந்தப் பாட்டுல என்ன இருக்கு? 'நானே உம் மணவாட்டி.' இத இத்தன காலம் ஆரு பாடினா? மீச வச்ச ஆம்பிளைங்க. விஜினுக்குத் தாடி வேற. அவன் நெஞ்ச விரிச்சு நின்னு நானே மணவாட்டின்னு பாடும்போ சபைல ஒருத்தரும் திரும்பிப் பாக்கல்ல. நான் பாடினா மட்டும் என்னவாக்கும் குழப்பம்?"

"அது பாவனை, சுசீலா. ஆத்துமா எல்லாம் கர்த்தருக்கு மணவாட்டி. பக்திப் பாட்டுல அது உள்ளதுதான்."

"ஆம்பிளை பொம்பளையா நின்னு பாடினா பக்தி. பொம்பள ஒரு படி மேல ஏறி நின்னு பாடினா குழப்பம். செரிதான்."

யாரோ ஒருவர் மூன்றாவது வடையை எடுத்தார். பதில் தெரியாதபோது கமிட்டிகள் வடை எடுப்பது வழக்கம்.

"நான் பாஸ் வரிசைல நின்னு பாடுதேன். இல்லேன்னா ஆல்டோல நின்னு எப்பவும்போல வாய அசைக்கேன். ஏதுன்னு நீங்களே பறயுங்க" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

கமிட்டி எதையும் முடிவு செய்யாமல் கலைந்தது. ஆனால் ராஜையன் மறுநாளே சாலைக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு மெரூன் டை வாங்கிவந்தார்.

இதற்காக அவரைக் கடிந்துகொள்வதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். இளம் வயதில் அந்தக் குழுவில் சேர அவர் முயன்றவர். குரல் சோதனையில் முதல் வரி முடிவதற்குள் சிரிப்பு வெடித்து, சோதித்தவரே வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். அதன் பிறகு ராஜையன் சபையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டு வரும்போதெல்லாம் கீழே பார்த்துக்கொள்வார். இப்போது முதல் முறையாக அந்தப் படிகளில் ஏறி நிற்க ஓர் அழைப்பு. அதுவும் ஆணாக, பாஸ் வரிசையில்.

சுசீலாபாய் வேலை முடிந்து வந்தபோது, கண்ணாடி முன்னால் டையோடு நின்று ராஜையன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கதவில் சாய்ந்து பார்த்தார். பிறகு பக்கத்தில் போய் நின்றார்.

"அவ்ளோ தொறக்கப்படாது. 'ஆ'வுக்கு இவ்ளோ மதி. 'ம' வரும்போ ஒதட்டச் சேத்து மூடணும். இல்லேன்னா தூரத்துல நின்னே கண்டுபிடிச்சிருவாங்க. மூச்சு எடுக்கது தெரியணும், தோள இப்பிடித் தூக்கணும்."

"உனக்கு எப்பிடி இம்புட்டும் தெரியும்?"

"பின்ன இத்தன காலம் வேற என்னவாக்கும் செய்தேன், அங்க நின்னு?"

கண்ணாடியில் இருவர் முகமும் தெரிந்தது. ராஜையன் வாயை ஒருமுறை திறந்தார். மனைவி சொன்ன அளவுக்கே திறந்தார். மிகச் சரியாக இருந்தது. அதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. மெல்ல டையை அவிழ்த்தார்.

"எனக்கு இந்த வேல வேண்டாம் பிள்ளே."

"ஆசப்பட்டியளே."

"பாடத்தானே ஆசப்பட்டேன்."

அப்படியே செயலாளருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் விஜய்குமார் குரலைக் கேட்டதும், "ஆரு, சுசீலாவா?" என்றார்.

"ராஜையனாக்கும் சார்."

"ஓ. சொல்லு."

"நான் நிக்கல்ல. எனக்க பொண்டாட்டிக்க கொரலு என்னால சொமக்க முடியாது சார், கனம் கூடுதலு. அது நிக்க எடத்துல அவளே நிக்கட்டும்."

வாழ்க்கையில் பெரிய குரலில் பேசியவர்கள் பலர். சிட்டுக்குருவிக் குரலில் இவ்வளவு பெரிதாகப் பேசியவர்கள் குறைவு.

விஜய்குமார் அன்று முழுவதும் விதிகளைப் புரட்டினார். பாஸ் வரிசையில் ஆண்கள்தான் நிற்க வேண்டும் என்று எங்கும் இல்லை. யாருக்கும் வேறு மாதிரி தோன்றியிருக்காததால் எழுதாமல் விட்டிருந்தார்கள். விதி இருந்தால் அதைப் பின்பற்றலாம். இல்லாவிட்டால் என்ன செய்வது? ஓய்வு பெற்ற பொறியாளருக்கு அப்போது தன் பணிக்காலம் நினைவுக்கு வந்தது. ஒரு வாய்க்காலுக்கு மேல், மேலிடத்து அனுமதிக்குக் காத்திருக்க முடியாமல், அவர் போட்ட தற்காலிக நடைபாலம். அனுமதி வரவேயில்லை. பாலத்தின் மேல் பிள்ளைகள் இன்றும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் அறிவித்தார்: "பாஸ் வரிசையில் ஒரு பெண் உறுப்பினர் தற்காலிகமாக நிற்கலாம்." அரசாங்க மொழியில் நிரந்தரத்துக்கு இதைவிட உறுதியான சொல் கிடையாது. தோற்றவர்போலத் தெரியக்கூடாது என்பதற்காக ஒரு நிபந்தனையும் சேர்த்தார்: "ஆனா சீருடை சீருடைதான். பாஸ் வரிசைக்கு மெரூன் டை கட்டாயம். அதுல விட்டுக்கொடுக்க முடியாது."

"சேலைக்கு மேல டையா?" என்று ஷீனா வாயைப் பொத்திக்கொண்டாள். டை கிடைப்பதில் சிரமம் இருக்காது என்று மட்டும் சொன்னார் சுசீலாபாய்.

போட்டியன்று அரங்கம் நிறைந்திருந்தது. குழு ஒவ்வொரு படியாக ஏறியது. மெரூன் கரைச் சேலை கட்டிய ஒரு பெண்மணி ஆல்டோ படியில் நிற்காமல் அதைக் கடந்து ஒரு படி மேலே போய், காலியாகக் கிடந்த பாஸ் வரிசையில் தனியாக நின்றபோது, பார்வையாளர்களில் சிலர் அவருக்கு வழி தவறிவிட்டது என்று நினைத்துக் கைகாட்டினார்கள். அவர் கழுத்தில் டை இல்லை. விஜய்குமார் முன்வரிசையில் இருந்து எட்டிப் பார்த்தார். பிறகு சுசீலாபாய் கீழ்ப் படியில் நின்ற ஷீனாவிடம் ஏதோ சொல்லக் குனிந்தபோது கண்டுகொண்டார். கொண்டையைச் சுற்றி, பூ வைக்கும் இடத்தில், சாலைக் கடைத்தெருவில் வாங்கிய மெரூன் டை அழகான முடிச்சோடு கட்டியிருந்தது. யோசனை ராஜையனுடையது, கட்டியதும் அவரே. டைல்ஸ் ஒட்டிய கை, ஒரு மயிரிழை கோணவில்லை. கட்டாயம் என்று சொன்ன செயலாளர், எங்கே கட்டுவது என்று சொல்லியிருக்கவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது என்று தன் பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னதாகக் கேள்வி.

ஆன்சன் கையை உயர்த்தினார்.

இனி வருவதை எள்ளலோடு எழுத முடியவில்லை. சோப்ரானோக்கள் மாலை மயங்குவதைச் சொன்னார்கள், ஆல்டோக்கள் விளக்கை ஏற்றினார்கள். அப்போது அடியிலிருந்து வந்தது. "நானே உம் மணவாட்டி." அரங்கம் திடுக்கிட்டது உண்மை. நடுவர் ஒருவர் மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார், கண்ணால்தான் கேட்கிறோம் என்பதுபோல. ஆனால் இரண்டாவது முறை அந்த வரி வந்தபோது யாரும் திரும்பவில்லை. மூன்றாவது முறை வந்தபோது, முறுக்கு மீசை உபதேசியார் இரவல் வாங்கி எழுதிய அந்தச் சொல், சொந்தக்காரி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தது. எத்தனையோ ஆண்கள் மணவாட்டி என்று பாவனையாகப் பாடிய வரியை, ஒரு மணவாட்டி தன் சொந்தக் குரலில், யார் குரலையும் பாவனை செய்யாமல் பாடினாள். காத்திருந்து காத்திருந்து குரல் கனத்துப்போன பெண்போல இருந்தது அது. விளக்கு அணையவில்லை என்று சொல்வதற்கு அப்படிப்பட்ட குரல்தான் வேண்டும்.

கடைசி பெஞ்சில் ராஜையன் கீழே பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

குழுவுக்கு இரண்டாவது இடம். மலையாள ஆராதனைக் குழு ஒன்று முதலிடத்தைத் தட்டிச்சென்றது. அவர்களுக்கு வயலின் இருந்தது. ஆனால் ஒவ்வொரு குரலுக்கும் தனிப் பரிசு உண்டு. மேசையில் நான்கு பொட்டலங்கள்: மேல் குரல் இரண்டுக்கும் சேலை, கீழ்க் குரல் இரண்டுக்கும் முண்டு என்கிற வேட்டியும் சட்டைத் துணியும். பல ஆண்டுகளாக அப்படித்தான். "சிறந்த பாஸ்," என்று அறிவித்தவர் பெயரைப் படித்தார், படியைப் பார்த்தார், நிறுத்தினார். பரிசு கொடுக்க நின்ற பெண்மணி பதறிப்போய் முண்டுப் பொட்டலத்தை வைத்துவிட்டுச் சேலையைத் தேடினார்.

"ஒரு நிமிஷம் சேச்சி, மாற்றித் தராம்," என்றார்.

"ஆல்டோக்கு என்ன வச்சிருக்கீங்க?"

"சேலை."

"பாஸுக்கு?"

"முண்டு. ஆனா நீங்க..."

"நான் பாடினது பாஸு. பாஸுக்குள்ளத தாங்க."

அரங்கம் கைதட்டியது. ஷீனா விசிலடித்தாள், போதகரையா பக்கத்தில் இருப்பதை மறந்து.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ராஜையன் அந்த முண்டும் அந்தத் துணியில் தைத்த சட்டையும் போட்டுக்கொண்டுதான் சபைக்கு வருகிறார். கடைசி பெஞ்சைக் காலி செய்துவிட்டார், மூன்றாவது பெஞ்சு. முண்டு புதிதா என்று யாராவது கேட்டுவிட மாட்டார்களா என்று முண்டின் கரையைத் தடவிக்கொண்டே இருப்பார். கேட்டால், "வீட்டுக்காரி பாடி வாங்கினது" என்று தன் கீச்சுக் குரலில், சுற்றியுள்ள நாலு பெஞ்சுக்குக் கேட்கும்படி சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

தற்காலிக ஏற்பாடு அதன் இயல்புப்படி தொடர்கிறது. விஜினுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் மாறிவிட்டது. போன வாரம் ஒத்திகைக்கு வந்து, சுசீலாபாய்க்குப் பக்கத்தில் நெஞ்சை விரித்து நின்று பாடினான். ஒரு வரி முடிவதற்குள் அவனுக்கே தெரிந்துவிட்டது, தன் குரல் தன் காதுக்கே எட்டவில்லை என்று.

குனிந்து, "அக்கா, கொஞ்சம் பைய" என்றான்.

சுசீலாபாய் ஏட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், அன்போடு சொன்னார்:

"நீ வாய மட்டும் அசை மக்களே. நான் பாத்துக்கிடுதேன்."